சாட்பி2 ஆன்டிபாடி: எலும்பு விளையும் தசைக்கட்டியில் எதுவரை நம்பலாம்?

தொடைத் தசைக்குள், எலும்பைத் தொடாமலே வளர்ந்து தானாக எலும்பை உண்டாக்கும் புற்றுநோய் உண்டு. எலும்புக்கு வெளியே வரும் ஆஸ்டியோசார்கோமா அது. பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. அந்த பயாப்ஸியில், எலும்பு உருவாக்கும் செல்களின் உட்கருவில் உள்ள சாட்பி2 புரதத்தைப் பழுப்பு நிறத்தில் காட்டும் ஆன்டிபாடி ஒரே ஒரு கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும்: செல்களுக்கிடையே இளஞ்சிவப்பாக, லேஸ் பின்னலைப் போல ஓடும் பொருள் ஆஸ்டியாய்டா (இன்னும் சுண்ணாம்பேறாத இள எலும்புப் பொருள்), இறுகிப்போன கொலாஜனா (நார்ப்புரதம்)? ஒட்டியுள்ள செல்களின் உட்கரு பளிச்சென்று பழுப்பேறினால் ஆஸ்டியாய்டு பக்கம் சாயலாம். சைட்டோபிளாசம் மட்டும் மங்கலாக நிறமேறியிருந்தால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இந்த வேலைக்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஆனால் புற்றுநோயா இல்லையா என்பதை இது சொல்லவே சொல்லாது. மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் என்ற சாதுவான கட்டியிலும் எலும்பு உருவாக்கும் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் இதே பழுப்பில்தான் இருக்கும். அதில் முற்றிய எலும்பு ஓரத்தில், இளசு நடுவில். ஆஸ்டியோசார்கோமாவில் பெரும்பாலும் தலைகீழ். ஊசி நடுவை மட்டும் எடுத்து வந்தால், அங்கே வேகமாகப் பிரியும் செல்கள் சார்கோமாவைப் போலவே ஏமாற்றும். சி.டி. படத்தைப் பார்க்காமல் ரிப்போர்ட்டில் கையெழுத்திட வேண்டாம். அப்போதும் சந்தேகம் தீரவில்லை என்றால் யுஎஸ்பி6 ஃபிஷ் கேளுங்கள் (அந்த மரபணு இடம் மாறியிருக்கிறதா என்று ஒளிரும் குறிகளால் பார்க்கும் சோதனை; மாறியிருந்தால் மயோசைட்டிஸ் பக்கம் சாயலாம்). வயிற்றின் பின்புறக் கட்டி என்றால் எம்டிஎம்2 மரபணு பெருகியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் கட்டாயம்: டிடிஃபரன்ஷியேட்டட் லைப்போசார்கோமா என்ற கொழுப்புத் திசுப் புற்றுநோயும் எலும்பு வளர்க்கும், அங்கும் சாட்பி2 பாசிட்டிவாக வரலாம்.

ஸ்டெயின் சொதப்புவது பெரும்பாலும் ஆன்டிபாடி பாட்டிலால் அல்ல, அதற்கு முன்னால் எலும்பை வெட்டும் பதத்துக்குக் கொண்டுவரச் செய்யும் சுண்ணாம்பு நீக்கத்தால். நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் டிஎன்ஏவைச் சிதைக்கும். ஃபிஷ் வேலை செய்யாது, ஆன்டிபாடியும் மங்கும். ஊசித் துண்டுகள் வந்ததும் மென்மையானவற்றைத் தனி கேசட்டில் போட்டு அமிலமே காட்டாதீர்கள். நறநறவென்று கத்தியில் தட்டுவதை மட்டும் 10% ஃபார்மலினில் நன்றாகப் பதப்படுத்தியபின், சுண்ணாம்பை மெதுவாக நீக்கும் இடிடிஏ கரைசலில் ஊற வையுங்கள். அமிலத்தில் சில மணி நேரத்தில் முடிவது இதில் நாள்கணக்கில் இழுக்கும், பரவாயில்லை.

ஸ்டெயின் சரியாக வேலை செய்ததா என்று ஒப்பிட வைக்கும் கன்ட்ரோலுக்குப் பெருங்குடல் அல்லது குடல்வால் சவ்வு போதும். நோயாளியின் திசு ஊறிய அதே கரைசலில் கன்ட்ரோலும் ஊறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கன்ட்ரோல் அழகாக ஏறும், நோயாளியின் ஸ்லைடு பொய்யாக நெகட்டிவ் வரும், யாருக்கும் தெரியாது.

சார்கோமாவுக்காக மட்டும் வாங்கினால் சின்ன லேபில் பாட்டில் காலாவதியாகிவிடும். பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறியவும் இதே ஆன்டிபாடி பயன்படுவதால், அந்த கேஸ்கள் வரும் லேப் தயங்காமல் வாங்கலாம்.