‘ஐந்நூறு தரம்’ என்று விற்கும் இலக்குத் தட்டுகள்: வாங்குமுன் நிறுத்துப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் காற்றுத் துப்பாக்கிப் பயிற்சி நடத்துகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்கு இலக்குத் தட்டு வாங்கப் பணம் சேர்க்கிறவர்கள் எவராயினும் முற்பணம் கொடுக்குமுன் இதைப் படித்துவிடுங்கள். எட்டுத் தட்டுக்கு 96,000 ரூபாய் கொடுத்து நாங்கள் ஏமாந்தோம்.

எங்களுடையது சிறிய குழு. உரிய அனுமதியோடு, 10 மீட்டர் தூரத்தில், 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டால் பழகுகிறோம். போட்டிக்குக் கடதாசி இலக்குத்தான். ஆனாலும் புதிதாக வரும் பிள்ளைகளுக்குத் தட்டில் பட்டு ‘ணங்’ என்று கேட்டால்தான் உற்சாகம் பிறக்கிறது. அதற்காகத்தான் வாங்கினோம். கொழும்பு வியாபாரி ஒருவரின் முகவர் வந்தார். “ஐந்நூறு தர உருக்கு ஐயா, ஆறு மில்லிமீட்டர் தடிப்பு. உங்கள் பேரப்பிள்ளைகளும் சுடலாம்” என்றார். விளிம்பைக் காட்டினார், தடிப்பாகத்தான் இருந்தது. தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது.

மூன்றாவது கிழமை தட்டுகளின் நடுப்பகுதி அப்பச்சட்டிபோல் உட்குழிந்துவிட்டது. நேர்தட்டையான முகத்தில் மோதும் ஈயம் நசுங்கிப் பக்கவாட்டில் சிதறும். குழிந்த முகத்தில் அது வளைவோடு திரும்பிச் சுட்டவரை நோக்கியே வரும். ஒரு பிள்ளையின் பாதுகாப்புக் கண்ணாடியில் துணுக்கு வந்து தெறித்தது. கண்ணாடி போடாமல் எவரையும் துப்பாக்கியைத் தொடவிடுவதில்லை என்ற என் பிடிவாதத்தைக் கேலி செய்தவர்கள் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

தட்டைத் தூக்கிக்கொண்டு, ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணையிடம் போனேன். அவர் அரத்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். பொடி உதிர்ந்தது. கடினமாக்கிய உருக்கென்றால் அரம் வழுக்கும், இலகுவில் கடிக்காது. பிறகு விளிம்பில் பூசியிருந்த கறுப்புப் பெயின்டைச் சுரண்டினார். மெல்லிய தகரத்தை மடித்து மடித்து விளிம்பைத் தடிப்பாக்கியிருந்தார்கள்! நடுவில் ஒரு மில்லிமீட்டர்தான். நான் உணர்ந்த கனம் அடியில் ஒட்டியிருந்த இரும்புத் தாங்கியின் கனம். தாங்கியைக் கழற்றிப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்தோம். 20 சென்டிமீட்டர் வட்டம், 6 மில்லிமீட்டர் தடிப்பென்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நிற்க வேண்டும். அரைக் கிலோகூட இல்லை. இதை வாங்கிய அன்றே செய்திருக்கலாம், மரக்கறிக் கடையில்கூட.

தொலைபேசியில் கேட்டபோது வியாபாரி சிரிக்காமல் சொன்னார்: “ஐந்நூறு என்பது எங்கள் மாடல் இலக்கம்.”

உண்மையில் அந்த ஐந்நூறு பிரினெல் என்ற கடினத்தன்மை அளவு. சாதாரண மென் உருக்கு 120, 140 என்ற அளவில் நிற்கும். கம்மாலையில் கத்திக்குத் தோய்ச்சல் போடுவதுபோல, பழுக்கக் காய்ச்சிச் சடுதியாகக் குளிரவைத்துத்தான் ஐந்நூறு தரத் தகடுகளைச் செய்கிறார்கள். அதன்மேல் வெல்டிங் பிடித்தால் சூடு பட்ட இடம் மறுபடி மென்மையாகிவிடும். எங்கள் தட்டுகளின் முதுகில் நட்டநடுவில் வெல்டிங்! உண்மையான ஐந்நூறாக இருந்திருந்தாலும் அந்த இடம் கெட்டுத்தான் போயிருக்கும்.

இதில் எனக்கு என்மேலேயே கோபம். வேகமான ரைஃபிள் குண்டுக்குத்தான் அப்படிப்பட்ட உருக்கு வேண்டும். எங்கள் ஈயக்குண்டுக்கு 3 மில்லிமீட்டர் மென் உருக்கே தாராளம். உருக்கு உருண்டைகளை மட்டும் எந்தத் தட்டிலும் சுடக்கூடாது. அவை நசுங்காமல் அப்படியே திரும்பிப் பாயும். தேவையில்லாத தரத்துக்கு ஆசைப்பட்டு, தேவையான தடிப்பையும் இழந்தேன்.

பற்றுச்சீட்டில் ‘இரும்புத் தட்டு 8’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. தடிப்பும் இல்லை, தரமும் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதியபோது அந்தத் துண்டு கையைக் கடித்தது. நீங்கள் வாங்கினால் இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கடினத் தகடு என்று சொன்னால், அதைச் செய்த உருக்காலை கொடுக்கும் சான்றிதழையும் கேளுங்கள்.

பட்டறை அண்ணை கிடந்த 4 மில்லிமீட்டர் தகட்டில் எட்டு வட்டம் வெட்டி, சற்று முன்சாய்வாகத் தொங்கவிட்டுத் தந்தார். ஈயம் இப்போது கீழே மண்ணில் விழுகிறது. உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கும், மாதமொருமுறை பெயின்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய தட்டுகளை வடகம் காயவைக்க அயலவர் கேட்டார். ஈயம் பட்டதென்று மறுத்துவிட்டேன்.

போன கிழமை அதே தட்டுகளின் புதிய விளம்பரம் கண்ணில் பட்டது. இப்போது அறுநூறு தரமாம்.