கார் படத்தில் டிசைன் போட எது நல்லது: ஓவர்லேயா, டிஸ்ப்ளேஸா, வார்ப்பா?

போன மாதம் ஒரு வெள்ளை காரின் படத்தில் அறுகோணக் கட்ட டிசைனைப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரிகிற கோணம். ஃபோட்டோஷாப்பில் இதற்கு நாலு வழி உண்டு. நாலையும் அதே படத்தில் செய்து பார்த்துவிட்டு, பாகம் பாகமாக ஸ்மார்ட் ஆப்ஜெக்டை (மூல டிசைனைக் கெடாமல் உள்ளே வைத்திருக்கிற லேயர், அதாவது அடுக்கு) வார்ப் செய்கிற (வலை போட்டு இழுத்து வளைக்கிற) வழியில் வந்து நின்றேன். இனி கார் என்றால் எனக்கு அதுதான்.

பேட்டர்ன் ஓவர்லே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாடியை மட்டும் செலக்ட் செய்து தனி லேயராக்கி, லேயர் ஸ்டைலில் டிசைனைத் தேர்ந்தெடுத்தால் 2 நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பானெட்டிலும் கதவிலும் கட்டங்கள் ஒரே அளவில், தட்டையாகவே இருக்கும். நேர் பக்கவாட்டில் எடுத்த வேன் படத்துக்குப் போதும், அவ்வளவுதான்.

வானிஷிங் பாயிண்ட், அதாவது படத்தில் தளங்களை வரைந்து அவற்றின் கோணத்துக்கேற்ப டிசைனை ஒட்டுகிற கருவி, பெட்டி வடிவ வண்டிகளுக்கு நல்லது. பஸ், கன்டெய்னர் லாரி போன்றவற்றில் பக்கவாட்டுக்கு ஒரு தளம், பின்பக்கத்துக்கு அதிலிருந்து இழுத்த இன்னொரு தளம் என்று வரைந்துவிட்டால், டிசைன் மூலையில் அழகாக மடங்கி விழும். காரில் அப்படித் தட்டையான இடம் எங்கே இருக்கிறது? சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஃபெண்டரிலேயே கணக்கு தப்பிவிடுகிறது.

நான் அதிகம் நம்பியது டிஸ்ப்ளேஸ் ஃபில்டரைத்தான். சட்டைத் துணியில் டிசைன் போடும்போது அது அருமையாக வேலை செய்யும். படத்தின் கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பிஎஸ்டியாக (ஃபோட்டோஷாப் கோப்பாக) சேமித்து மேப்பாக, அதாவது டிசைனை எங்கே எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்லும் படமாகக் கொடுக்கிறோம். 128 என்கிற நடுச் சாம்பல் இருக்கும் இடத்தில் டிசைன் நகராது. அதைவிட இருண்ட இடத்தில் ஒரு பக்கமும், வெளுத்த இடத்தில் மறுபக்கமும் நகரும். துணியில் நிழல் இருக்கும் இடம் மடிப்பு, அதனால் சரியாக வருகிறது. காரின் பெயிண்டோ கண்ணாடி மாதிரி. கதவில் தெரிகிற கருப்புப் பட்டை பள்ளம் அல்ல, எதிரே நிற்கிற மரத்தின் பிரதிபலிப்பு. ஃபில்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மேப்பை எவ்வளவு பிளர் செய்தும், மரம் தெரிந்த இடத்தில் என் அறுகோணங்கள் நெளிந்துதான் நின்றன.

சரி, வார்ப்புக்கு வருவோம். டிசைனை 4000 பிக்சல் அகலத்தில் ஒரு ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்துக்கொண்டேன். பானெட், ஃபெண்டர், முன்கதவு, பின்கதவு, பம்பர் ஒவ்வொன்றுக்கும் கன்ட்ரோல் ஜே அழுத்தி ஒரு நகல். ஒவ்வொரு நகலையும் அந்தந்தப் பாகத்தின் வளைவுக்கு வார்ப் செய்து, பென் டூலில் வெட்டிய மாஸ்க் (வேண்டாத இடத்தை மறைக்கும் திரை) போட்டேன். சக்கர வளைவு, கைப்பிடி, பெட்ரோல் மூடி எல்லாம் மாஸ்க் வேலை. முழுசாக ஒரு மாலை போய்விட்டது என்பது உண்மைதான்.

அந்த ஒரு மாலையை வைத்து இந்த வழியை ஒதுக்கிவிடக் கூடாது. டிசைன் ஒரே தடவையில் ஓகே ஆவதே இல்லை. எனக்கு மூன்று முறை மாறியது. கட்டம் சின்னதாக வேண்டும் என்றார்கள், அப்புறம் நிறம், அப்புறம் அறுகோணமே வேண்டாம், சாய்ந்த கோடுகள் போடுங்கள் என்றார்கள். டிஸ்ப்ளேஸை ஸ்மார்ட் ஃபில்டராக வைத்திருந்தால் டிசைனை மாற்றலாம், ஆனால் நெளிசலும் கூடவே வரும். வானிஷிங் பாயிண்டில் மறுபடி உள்ளே போய் ஒட்ட வேண்டும். இங்கே ஏதாவது ஒரு நகலின் தம்ப்நெயிலை டபுள் கிளிக் செய்து, டிசைனை மாற்றி, சேவ் கொடுத்தால் ஐந்து பாகமும் ஒரே நேரத்தில் மாறிவிடும், வார்ப் அப்படியே இருக்கும். மூன்றாவது மாற்றத்துக்கு எனக்கு 5 நிமிடம்கூட ஆகவில்லை. நகல் எடுக்கும்போது ஒரே ஒரு கவனம் வேண்டும்: 'நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வியா காப்பி' கொடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கன்ட்ரோல் ஜேதான் வேண்டும். உள்ளே போகும்போது கேன்வாஸ் அளவையும் தொடாதீர்கள்.

இதே வசதி இன்னொரு இடத்திலும் கைகொடுத்தது. இரண்டு கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் டிசைன் தொடர்ச்சியாக ஓடாவிட்டால் கண் உடனே பிடித்துவிடும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள் தற்காலிகமாக ஒரு தடித்த சிவப்புக் கோடு போட்டேன். கைப்பிடிக்குக் கீழே ஃபெண்டரிலிருந்து பின்கதவு வரை ஓடுகிற மடிப்பின் மேல் எல்லா நகலிலும் அந்தக் கோடு உட்காரும்படி வார்ப்பை இழுத்துவிட்டு, கடைசியில் உள்ளே போய்க் கோட்டை அழித்துவிட்டேன்.

ஒளி விஷயம் எந்த வழிக்கும் பொதுதான். வெள்ளை காருக்கு டிசைன் லேயரை மல்டிப்ளையில் (கீழே உள்ள படத்தோடு கலந்து இருட்டாக்கும் முறை) வைத்தால் நிழல் தானாக வந்துவிடும், மினுமினுப்புதான் செத்துப்போகும். அதற்குக் காரின் பிரதி ஒன்றை நிறம் நீக்கி மேலே வைத்து, லெவல்ஸில் (வெளிச்ச அளவைத் திருத்தும் கருவி) பளிச்சென்ற புள்ளிகள் மட்டும் மிஞ்சும்வரை இருட்டாக்கி, ஸ்கிரீன் மோடில் (கலந்து வெளிச்சமாக்கும் முறை) விடுங்கள். கறுப்பு காரில் மல்டிப்ளை வைத்தால் டிசைனே தெரியாது; டிசைனை நார்மலில் வைத்து, காரின் பிரதியை மேலே ஸ்கிரீனில் போட வேண்டும்.

வார்ப், வானிஷிங் பாயிண்ட், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் மூன்றும் 2005-ல் வந்த சிஎஸ்2 பதிப்பிலேயே உண்டு. ஆனால் வார்ப் வலையை நமக்கு வேண்டிய இடத்தில் பிரிக்கிற வசதி 2020 பதிப்பில்தான் வந்தது. சக்கர வளைவுக்குப் பக்கத்தில் அது இல்லாமல் கொஞ்சம் கஷ்டம்.

மோட்டார் சைக்கிளில் ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன், அதுவும் டேங்க் மட்டும். அங்கே ஒரு நகல் போதாமல், மேற்பக்கத்துக்கு ஒன்று, பக்கவாட்டுக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்தபோதுதான் உருண்டையாக வந்தது.