மலைச்சரிவில் படிமட்டமா, வெட்டிவேர் வரிசையா?

சரிவில் மண் அரிப்பைத் தடுக்க இரண்டு வழிகள்: சரிவைப் படிக்கட்டுபோல் வெட்டிச் சமன்செய்யும் படிமட்டம், அல்லது வெட்டிவேர்ப் புல்லை வரிசையாக நடுவது. முதலில் மண்ணின் ஆழத்தைப் பாருங்கள். ஒரு மீட்டருக்கும் குறைவென்றால் படிமட்டம் வெட்டவே வேண்டாம். சத்தில்லாத அடிமண் மேலே வந்து விளைச்சல் படுத்துவிடும். ஆழம் இருந்தாலும் மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி, வெட்டி முடித்தபின் பரப்ப வேண்டும். மழை அதிகமென்றால் தளம் மலைப்பக்கமாக லேசாகச் சாய்ந்து, உள்விளிம்பில் வடிகால் ஓட வேண்டும். அது தூர்ந்தால் நீர் ஊறிப் படியே சரியும்.

சிறு நிலத்துக்கு என் தேர்வு வெட்டிவேர்தான். செலவு மிகக் குறைவு. சம உயரக் கோட்டில் (சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் கோடு) 10–15 செ.மீ. இடைவெளியில் தூர்களை நடுங்கள்; 20 சதவீதச் சரிவில் 5 மீட்டருக்கு ஒரு வரிசை, அதாவது ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் ஒன்று. பட்டுப்போன இடங்களை முதல் மழைக்காலத்திலேயே நிரப்பாவிட்டால், அந்த இடைவெளியில் நீர் குவிந்து மண்ணை அறுக்கும். அடர்ந்த மரநிழலில் மட்டும் வெட்டிவேர் தேறாது.