மொழியியலில் பகுதிநேர முனைவர் பட்டம்: கன்சல்டன்சியிடம் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மொழியியலில் முனைவர் பட்டத்துக்கு இடம் தேடுபவர்கள், முக்கியமாக வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்ய நினைப்பவர்கள், இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் கன்சல்டன்சி நிறுவனங்களிடம் போகும் முன் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். என் பணம் ஒரு லட்சத்துக்கு மேல் இன்னும் திரும்பி வரவில்லை.

நான் பள்ளி ஆசிரியை. ஆனைகட்டிப் பக்கத்து ஊர்களில் பேசும் இருள மொழியின் வினைச்சொற்களை ஆராய வேண்டும் என்பது முதுகலை முடித்த நாளிலிருந்து இருக்கும் ஆசை. தமிழ்நாட்டில் மொழியியலுக்கென்று தனித் துறை உள்ள பல்கலைக்கழகங்கள் மிகக் குறைவு. சிதம்பரத்தில் அண்ணாமலை, கோவையில் பாரதியார் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கேயும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரே சமயத்தில் ஒரு பேராசிரியர் 8 மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் நெறியாளராக (கைடாக) இருக்க முடியும். கேட்ட இடமெல்லாம் 'கைடு வேகன்சி இல்லை' என்றார்கள். இப்படி அலைகிறவர்களைக் குறிவைத்துத்தான் கன்சல்டன்சிகள் கடை விரிக்கின்றன.

எனக்கு வந்த அழைப்பு, வடமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் வாங்கித் தருவதாக. யுஜிசி பட்டியலில் அதன் பெயர் இருந்தது உண்மை. பட்டம் வழங்க உரிமையுள்ள பல்கலைக்கழகம்தான். ஆனால் அங்கே மொழியியல் துறையே கிடையாது. பணம் கட்டிப் பதிவு எண் வந்த பிறகு, நெறியாளர் என்று ஒருவரின் எண்ணைக் கொடுத்தார்கள். அவர் மேலாண்மைத் துறைக்காரர். என் தலைப்பைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த மொழிக்கு எழுத்து இல்லையே, எதை வைத்து ஆராய்ச்சி செய்வீர்கள்?" ஆய்வு மாணவர்கள் குறைந்தது 12 கிரெடிட் கோர்ஸ் ஒர்க், அதாவது வகுப்புப் பாடங்கள், முடிக்க வேண்டும் என்பது விதி. ஒரு வகுப்புகூட நடக்காமல், முடித்ததாகச் சான்றிதழ் கூரியரில் வந்தது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். களப்பதிவுக்கு நெறியாளரின் கடிதம் வேண்டும் என்று கேட்டபோது கன்சல்டன்சியில் இருந்த பெண் சொன்னதை என்னால் விட முடியவில்லை. "எதுக்கு மேடம் காடு மேடெல்லாம் அலையறீங்க? டேட்டா, தீசிஸ் எல்லாம் நம்ம ஆளுங்களே ரெடி பண்ணிடுவாங்க." மறுநாளே மாதிரிக்கு ஓர் இயல் அனுப்பினார்கள். இருள வாக்கியங்கள் என்று பக்கம் பக்கமாக உதாரணங்கள். எல்லாம் கோவைப் பேச்சுத் தமிழ், விகுதியை மட்டும் அங்கங்கே மாற்றியிருந்தார்கள். இருளத்துக்கே உரிய நடு உயிர் ஒலிகள் (நாக்கு முன்னும் பின்னும் போகாமல் வாயின் நடுவில் ஒலிக்கும் உயிர்கள்) ஓரிடத்தில்கூட இல்லை. யார் பேசியது, எந்த ஊர், என்றைக்குப் பதிவு செய்தது, எதுவும் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் பதறியது. இந்த மொழியைப் பற்றி விரிவாக எழுதியவர்கள் மிகச் சிலர். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1970களில் எழுதியதை இன்றும் தேடிப் படிக்கிறோம். நாளைக்கு ஒரு மாணவர் இந்தப் பொய் வாக்கியங்களை ஆதாரமாக எடுத்தால் என்ன ஆகும்? தங்கள் பாட்டி பேசிய மொழி என்று நம்பி இருளர் பிள்ளைகளே இதைப் படித்தால்? பணம் போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரசீதில் 'ஆலோசனைக் கட்டணம்' என்றுதான் இருக்கிறது, திருப்பித் தர முடியாது என்றார்கள். பல்கலைக்கழகமோ, அப்படி ஒரு நிறுவனத்தோடு தங்களுக்குத் தொடர்பே இல்லை என்று கைவிரித்துவிட்டது.

விதிகளை மீறிப் பட்டம் கொடுத்ததற்காக 2025 ஜனவரியில் ராஜஸ்தானில் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட மாணவர்களைச் சேர்க்க யுஜிசி ஐந்து ஆண்டுகள் தடை விதித்தது. நான் மாட்டிய இடம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் 'தடைப் பட்டியலில் பெயர் இல்லை' என்பதை மட்டும் வைத்து யாரும் நம்பிவிட வேண்டாம். பகுதிநேரமாகச் செய்யும் முனைவர் பட்டம் செல்லும். வேலை செய்யும் இடத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அவ்வளவுதான். தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ முனைவர் பட்டம் என்றால் அது செல்லாது. யுஜிசியின் 2022 விதிமுறைகளில் இது தெளிவாகவே இருக்கிறது.

யாராவது இடம் இருக்கிறது என்றால், முதலில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டு மொழியியல் ஆய்வேடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நெறியாளர் பெயரையும் தேடுங்கள். அவர் அங்கே நிரந்தரப் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும். பிறகு துறைக்கே போன் செய்து அவரிடம் நேராகப் பேசுங்கள். உங்கள் ஒலிப்பதிவைக் கேட்டு இரண்டு கேள்வி கேட்கத் தெரியாதவரிடம் சேராதீர்கள். கட்டணம் பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும், இணையவழியிலும் கொடுக்கலாம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ரசீது, வாட்ஸாப் உரையாடல், அவர்கள் அனுப்பிய மாதிரி இயல், எதையும் அழித்துவிடாதீர்கள். புகாரோடு நான் சேர்த்தது அவற்றைத்தான்.