போயா பீவை-எம்1 மைக்: லயத்தில் படம் எடுப்பவர்களுக்கு

போயா என்றால் நமக்குப் பௌர்ணமி லீவு நாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், குறும்படம் எடுக்க ஆள் சேர்வதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான். இந்தப் போயா (BOYA BY-M1), சட்டையில் மாட்டும் வயர் மைக். விலை கடைக்குக் கடை மாறினாலும் கொழுந்தெடுக்கும் ஒருவரின் வாரச் சம்பளத்துக்குள் அடங்கும்.

படத்துக்கு இன்று போன் போதும். தோட்டத்துக் குறும்படங்கள் அடிபடுவது சத்தத்தில். வசனம் கேட்கவில்லை என்று கொழும்பில் டப்பிங் போட்டால் ஸ்டூடியோவுக்குக் காசு; அதைவிட மோசம், நம் பேச்சு வேறு யாரோ வாயில் வேறு தமிழாகி வரும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணியோடு மல்லுக்கு நிற்கும் அம்மா, செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசுவார்.

வயர் 6 மீற்றர். லயக் காம்பரா (அறை) 10 அடிக்கு 12 அடிதான்; அடுப்படியிலிருந்து இஸ்தோப்பு (முன் திண்ணை) வரை எட்டும். எல்லாத் திசைச் சத்தத்தையும் எடுப்பதால், இருவர் பேசும் காட்சியில் நடுவே இரண்டடி தூரத்தில் ஒளித்து வைத்தாலும் சரி. பக்கத்துக் காம்பரா டீவியும் சேர்ந்தே பதியும், முதலில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

மலையில் எடுக்கும்போது வயரை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம். இன்னொரு போனை ஃப்ளைட் மோடில் போட்டு, மைக்கைச் செருகி, நடிப்பவரின் இடுப்பில் வைத்துப் பதிவை ஓடவிடுங்கள். கெமராவுக்கு முன் ஒரு கைதட்டு. எடிட்டில் அதை வைத்துப் பொருத்தலாம். கொழுந்தெடுப்பவர் இடுப்பில் சுற்றும் படங்கு கட்டியிருந்தால் மைக்கை அதன் பக்கமே விடாதீர்கள், சரசரப்பு வசனத்தை விழுங்கிவிடும். தலைத்துணி மடிப்பு நல்ல இடம், கூடைக் கயிறு உரசாமல் பார்த்துக்கொண்டால். கூட வரும் பஞ்சு உறை ஊவாக் காற்றுக்குப் போதாது. மேலே ஒரு துண்டுக் கம்பளி சுற்றுங்கள்.

பெரிய குறை ஒன்று: மைக்கைச் செருகியதும் ஹெட்போன் துளை போய்விடுகிறது, பதியும்போதே கேட்க முடியாது. ஒவ்வொரு டேக்கையும் போட்டுக் கேட்காமல் ஆட்களை அனுப்பாதீர்கள். அடுத்த போயாவுக்கு ஒரு மாதம். துளையில்லாத புதுப் போனுக்கு மைக்கையும் ஏற்கும் டைப்-சி அடாப்டர் வேண்டும், பாட்டு மட்டும் கேட்கும் வகை வேலைக்காகாது. மைக் வயரிலுள்ள சுவிட்சைக் கெமரா பக்கம் விட்டு மறந்தால் எல்ஆர்44 பட்டரி இறங்கிவிடும்.

தகரக் கூரையில் மழை விழுந்தால் எந்த மைக்கும் உதவாது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் காம்பராவுக்குள் எடுக்கும் காட்சிகளை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடித்துவிடுங்கள்.