கடை போட ஓஎம்ஆரா, ஜிஎஸ்டி ரோடா?

நிறைய பேர் இதுல குழம்புறாங்க. ஓஎம்ஆர்னா பழைய மகாபலிபுரம் ரோடு, ஜிஎஸ்டின்னா வரி இல்லீங்க, தாம்பரம் வழியா போற கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. ரெண்டுமே சென்னைக்குத் தெக்கால போற ரோடுதான், வண்டலூர் - கேளம்பாக்கம் ரோடு ரெண்டையும் சேத்து வைக்குது, ஆனா யாவாரம் வேற வேற.

கூட்டம்
ஓஎம்ஆர்: 2000-ல டைடல் பார்க் வந்ததுல இருந்து ஐடி ஆளுங்க ராஜ்ஜியம், மதியம் பிரியாணிக் கடையில நிக்க இடமிருக்காது, சனி ஞாயிறு ஆபீஸ் பக்கம் இருக்கிற அதே கடையில ஈ ஓட்டணும்.
ஜிஎஸ்டி: தாம்பரம், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர்னு குடும்பமா இருக்கிற ஏரியா, எலக்ட்ரிக் ட்ரெயின் விட்டு இறங்குறவங்க போற வழியில காய், பால், மாத்திரைன்னு வாங்கிட்டுத்தான் வீட்டுக்கே போவாங்க.

ரோடு
ஓஎம்ஆர்: நாவலூர் டோலும் 2023-ல எடுத்தாச்சு, சந்தோஷம், ஆனா மெட்ரோ தடுப்பு வச்ச இடத்துல உங்க போர்டே தெரியாது, எதிர்ப்பக்கம் இருக்கிறவன் யூ டர்ன் தேடிப் போய் சுத்தி வரணும், ஒரு டீக்கு யாருங்க அவ்ளோ தூரம் வருவா?
ஜிஎஸ்டி: 2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்ததுல அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் ஏறிடுச்சு. பொங்கல், தீபாவளிக்கு முந்தின ராத்திரி மட்டும் வண்டி நகராது.

செலவு
ஓஎம்ஆர்: மெயின் ரோடு வாடகை கடிக்கும், ஹோட்டல்னா தண்ணி லாரி காசையும் சேத்துக்கோங்க.
ஜிஎஸ்டி: ஸ்டேஷன் வாசல் தவிர மத்த இடம் பரவால்ல.

அட்வான்ஸ் குடுக்கும் முன்ன சாயங்காலம் 7 மணிக்கு வாசல்ல நின்னு பாருங்க, எத்தன வண்டி போகுதுன்னு இல்ல, எத்தன நிக்குதுன்னு.

மதியச் சாப்பாடு, ஜூஸ், ஜிம்னா ஓஎம்ஆர். மளிகை, மெடிக்கல், துணி, ஹார்டுவேர்னா யோசிக்காம ஜிஎஸ்டி. மெட்ரோ ஓடுற வரைக்கும் கைக்காசு போட்டு வாடகை கட்டத் தெம்பிருந்தா, சோழிங்கநல்லூர் பக்கம் இப்பவே இடம் பிடிச்சு வைக்கலாம்.