சேமித்த கார்டுகளை ‘அப்படியே மாற்றித் தருகிறோம்’ என்றால் நம்பாதீர்கள்: எங்கள் அறக்கட்டளை இழந்தது ரூ.1,84,000

நன்கொடை வசூல் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம் எங்கள் அறக்கட்டளையிடம் ரூ.1,84,000 வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டது. ஆண்டுச் சந்தா 1,20,000, ‘டேட்டா மைக்ரேஷன்’ (பழைய விவரங்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவது) 64,000. வக்கீல் நோட்டீஸ் போயிருப்பதால் பெயரைப் போடவில்லை.

டெமோவில் சொன்னது இதுதான் (கேட்வே என்பது ஆன்லைனில் கார்டுப் பணத்தை வசூலித்துத் தரும் சேவை): “பழைய கேட்வேயில சேவ் ஆகியிருக்கிற கார்டு எல்லாத்தையும் அப்படியே கொண்டு வந்துடுவோம் சார். டோனர் ஒண்ணுமே செய்ய வேண்டாம்.” கூடவே, கார்டு விவரங்களைப் பாதுகாப்பதற்கான பிசிஐ டிஎஸ்எஸ் சான்றிதழ் என்று ஒரு பிடிஎஃப். அதைப் பார்த்துத்தான் பணம் கட்டப்பட்டது. அதில் இருந்த பெயர் அவர்கள் பயன்படுத்தும் பேமென்ட் கேட்வேயுடையது, அவர்களுடையது அல்ல! கேட்வே வாங்கிய சான்றிதழ், அதன்மேல் ஓடும் மென்பொருளுக்குச் செல்லாது.

இந்தியக் கார்டுகளில் அந்த வாக்குறுதியே நடக்காத காரியம். 2022 அக்டோபர் 1 முதல், கார்டு வழங்கிய வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குகளும் தவிர யாரும் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அடையாளத்துக்குக் கடைசி நான்கு இலக்கமும் வங்கியின் பெயரும் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கேட்வேயிடம் இருப்பது டோக்கன், அதாவது கார்டு எண்ணுக்குப் பதிலான ஒரு குறியீடு. அந்தக் கார்டு, டோக்கன் கேட்டவர், அந்த வணிகர் மூன்றுக்கும் சேர்த்து உருவாவது அது. வேறு இடத்தில் செல்லாது. மாதப் பிடித்தத்துக்கான இ-மேன்டேட்டையும் (கார்டிலிருந்து தானாகப் பிடிக்கத் தரும் ஒப்புதல்) நன்கொடையாளரே ஓடிபி போட்டுப் புதிதாகப் பதிய வேண்டும். இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு இது தெரியாதா?

பணம் போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் செய்தது அயோக்கியத்தனம். அறக்கட்டளையிலிருந்து பேசுகிறோம் என்று நன்கொடையாளர்களுக்கு போன் போட்டு, கார்டு எண், காலாவதி மாதம், சிவிவி எல்லாம் கேட்டு எக்செல்லில் ஏற்றியிருக்கிறார்கள். எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 16-வது பூஜ்யமாகிவிடும். ‘தவறான கார்டு எண்’ என்று பதிவுகள் திரும்பி வந்ததும், அதே பெரியவர்களைக் கூப்பிட்டு மறுபடியும் எண் கேட்டிருக்கிறார்கள். எண் சரியாக இருந்திருந்தாலும் ஓடிபி இல்லாமல் மேன்டேட் பதிவாகாது.

மென்பொருளுக்குள் போய்ப் பார்த்தால் இன்னும் மோசம். நன்கொடையாளர் பக்கத்தில் ‘ரிமார்க்ஸ்’ பெட்டியில் 16 இலக்கமும், பக்கத்திலேயே சிவிவியும், மறைப்பே இல்லாமல். விவரங்களை சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையாக) எடுத்தால் அந்தப் பத்தியும் சேர்ந்தே இறங்குகிறது. ரசீது அடிக்க மட்டும் லாகின் வாங்கிய தன்னார்வலரும் அதை எடுக்கலாம். கேட்டால் “டேட்டாபேஸ் என்கிரிப்ட் ஆகியிருக்கு சார்” என்கிறார்கள், அதாவது சங்கேதமாக மாற்றி வைத்திருக்கிறார்களாம். பரிவர்த்தனைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு சிவிவியை என்கிரிப்ட் செய்தும்கூட வைத்திருக்கக் கூடாது என்பதுதான் பிசிஐ விதி.

அதன்பின் ஒரே பாட்டு. “டிக்கெட் போட்டாச்சு.” “கேட்வே பக்கம்தான் பிரச்சினை.” “அடுத்த ரிலீஸ்ல சரியாயிடும்.” கடைசியாக, மைக்ரேஷன் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று ஒரு வரி மெயில். ரூ.1,84,000 முழுவதும் ஜனங்கள் நம்பிக் கொடுத்த பணம்!

விரிவாக எழுத இப்போது நேரமில்லை, இவற்றையாவது பாருங்கள். சான்றிதழில் யார் பெயர், எந்தத் தேதிவரை செல்லும் என்று படியுங்கள். உங்கள் மென்பொருளிலிருந்து இன்றே ஒரு சிஎஸ்வி எடுத்து, குறிப்புப் பத்திகளில் 4, 5 அல்லது 6-ல் தொடங்கும் 16 இலக்க எண் இருக்கிறதா என்று தேடுங்கள். எக்செல்லில் வேண்டாம், நோட்பேடில் திறங்கள். இருந்தால் பேக்கப், மெயில் இணைப்பு உட்பட எல்லா இடத்திலும் அழிக்கச் சொல்லி, அழித்துவிட்டதாக எழுத்தில் வாங்குங்கள். சிவிவி கொடுத்துவிட்ட நன்கொடையாளர்களிடம் உடனே சொல்லி, கார்டை பிளாக் செய்து வேறு வாங்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கும் அழைக்க வேண்டும். புதிய மேன்டேட் பதிவாகி ஒரு மாதப் பணம் வரும்வரை பழைய கேட்வே கணக்கை மூடாதீர்கள்.